மாத்திரை போட்டு மூணு நாளாச்சு, சைனஸ் ஏன் இன்னும் விடவில்லை?

சேலத்தில் ஒரு மெடிக்கலில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா, நாற்பது வயது இருக்கும். நெற்றியில் நீர்க்கோவை மாத்திரையை உரசிப் போட்ட பற்று காய்ந்து வெடித்திருந்தது. கையில் காலி அட்டை, மூன்றே மாத்திரை இருக்கும் சின்ன அட்டை. "தம்பி, மூணு நாளா இதைப் போட்டுட்டேன். குனிஞ்சா மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இதை விடப் பவரா ஒண்ணு குடுங்க" என்றார். கடைத் தம்பி இன்னொரு அட்டையை எடுத்து வைத்தான். அக்கா காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "சளி என்னைக்குங்க்கா பிடிச்சுது?" என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. போன மார்கழியில் நானும் அதே போல ஒரு காலி அட்டையோடு இன்னொரு கடையில் நின்றவன்தான். சைனஸுக்கு ஆன்டிபயாடிக் எத்தனை நாளில் கேட்கும் என்ற கேள்விக்குச் சரியான பதில் அந்த ஒரு தேதியில்தான் இருக்கிறது: சளி பிடித்த தேதி. மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து மட்டும் எண்ணினால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

முதலில் சைனஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அது ஒரு நோயின் பெயர் இல்லை, எல்லோர் முகத்திலும் இருக்கும் உறுப்பு; அது வீங்கி அடைபடுவதைத்தான் பேச்சு வழக்கில் சைனஸ் என்கிறோம். கன்னத்து எலும்புக்குள், நெற்றியில், கண்களுக்கு நடுவில், அதற்குப் பின்னால் உள்ளே ஆழத்தில் என்று நான்கு ஜோடிக் காற்றறைகள். உள்ளே மெல்லிய ஈரச் சவ்வு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, ஊறும் சளியை ஒரு சிறு துவாரத்தின் வழியாக மூக்குக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துவாரம் சில மில்லிமீட்டர்தான். கன்னத்து அறையில் இன்னொரு சங்கடம் உண்டு. அங்கே துவாரம் அடியில் இல்லை, மேலே இருக்கிறது.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகளில் மரவள்ளிப் பாலைத் தொட்டியில் தேக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவு அடியில் தங்கும், மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிடுவார்கள். கன்னத்து அறையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அடியில் தங்கியது தானாக வழிந்து வெளியே வராது. மயிரிழைகள்தான் மேல்நோக்கித் துடுப்புப் போட்டுத் தூக்கி வர வேண்டும். சளி பிடித்ததும் சவ்வு வீங்கித் துவாரம் அடைபடும், துடுப்புகளும் சோர்ந்துவிடும். உள்ளே தேங்கியது கெட்டியாகும், அழுத்தம் கூடும். குனிந்தால் கன்னத்தில் கல் உருள்வது போல இருப்பதும், மேல் பல்வரிசை கூசுவதும் அதனால்தான்.

இந்த வீக்கத்தைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் வைரஸ், அதாவது சாதாரண ஜலதோஷக் கிருமி. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. 1994-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் சாதாரண சளி பிடித்து இரண்டு முதல் நான்கு நாளான 31 பேரைச் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 87 சதவீதம் பேருக்குக் கன்னத்து அறைகளில் அடைப்போ வீக்கமோ இருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் இல்லாமலே அது தெளிந்தோ குறைந்தோ இருந்தது. ஆக, சளி பிடித்த பெரும்பாலோருக்குக் கொஞ்சம் சைனஸும் சேர்ந்தே வருகிறது. அதற்கு மேல் பாக்டீரியா குடியேறுவது பெரியவர்களில் 100 பேருக்கு இரண்டு பேருக்கும் குறைவாகத்தான்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று நாமெல்லாம் நம்புகிறோம். கைக்குட்டையில் பச்சையாக வந்தால் "இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு" என்று வீட்டில் தீர்ப்பே சொல்லிவிடுவார்கள். அந்தப் பச்சை நம் வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். அவை வைரஸோடு சண்டை போட்டாலும் அதே பச்சைதான் வரும். நாலாம் நாள் மூக்குச்சளி மஞ்சளாகி, ஐந்தாம் நாள் பச்சையாகி, அப்புறம் மறுபடி தண்ணீராவது சாதாரண ஜலதோஷத்தின் வழக்கமான பாதை.

அப்படியானால் பாக்டீரியாதான் என்று எப்போது சந்தேகப்படலாம்? மருத்துவர்கள் மூன்று விதமான போக்கைப் பார்க்கிறார்கள். சளி தொடங்கிப் பத்து நாளுக்கு மேலாகியும் கொஞ்சமும் இறங்காமல் நின்றால் ஒன்று. ஐந்தாறு நாளில் நன்றாகத் தேறி, "சரியாயிடுச்சு" என்று வேலைக்குப் போன பிறகு, திடீரென்று காய்ச்சலும் முகவலியும் கெட்டிச் சளியுமாகத் திரும்பி வந்து விழுந்தால் இன்னொன்று. தொடக்கத்திலேயே 102 டிகிரிக் காய்ச்சலோடு சீழ்ச்சளியோ முகவலியோ மூன்று நான்கு நாள் விடாமல் இருந்தால் மூன்றாவது. மூன்றுமே நாள் கணக்கு என்பதைக் கவனியுங்கள். சாதாரணமாக இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம். தேதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் இப்போது தினசரிக் காலண்டரில்தான் குறிக்கிறோம். பால் கணக்கு, கேஸ் பதிந்த நாள் இவற்றோடு "அம்மா – சளி" என்று ஒரு வரி. தொண்டை கரகரத்த அந்த முதல் நாளின் தேதி. டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுபோனால் அதை விட உருப்படியான ரிப்போர்ட் எதுவும் இல்லை.

சரி, பாக்டீரியாதான் என்று டாக்டர் முடிவு செய்து ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு வேகமாகக் கேட்கும்?

முதல் நாள், அநேகமாக ஒன்றும் தெரியாது. மருந்து ரத்தத்தில் ஏறிவிடும், ஆனால் சீழ் தேங்கிய அறைக்குள் அது போய்ச் சேர நேரமாகும். இரண்டாம் மூன்றாம் நாளில் கிருமியின் பெருக்கம் அடங்கத் தொடங்கும். காய்ச்சல் இருந்தால் அது முதலில் விடும். முகவலி ஒரு படி இறங்கும். மூக்கடைப்பும் தலைபாரமும் அப்போதும் இருக்கும், ஏனென்றால் கிருமி செத்தாலும் வீங்கிய சவ்வு அதே நாளில் வற்றாது, தேங்கியதும் வெளியேற வேண்டும். வெள்ளம் வடிந்த மறுநாளே வீட்டுக்குள் சேறு போய்விடுமா? அது போலத்தான். அடைப்பு நன்றாக விட ஒரு வாரம் பிடிக்கும். இருமலும் மந்தமும் இரண்டு வாரம் வரை இழுக்கலாம், அது இயல்பே. ஆகவே மூன்றாம் நாள் மூக்கு அடைத்திருந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்றாம் நாள் கேட்க வேண்டிய கேள்வி "விட்டுவிட்டதா?" என்பதல்ல, "முந்தாநாளை விடக் கூடியிருக்கிறதா?" என்பதுதான்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்தது. பாக்டீரியா சைனஸ் என்று மருத்துவர்கள் கணித்த 166 பெரியவர்கள். பாதிப்பேருக்குப் பத்து நாள் அமாக்சிசிலின், மீதிப்பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. வலிக்கும் அடைப்புக்குமான மருந்துகள் இரு தரப்புக்கும் உண்டு. மூன்றாம் நாளில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஏழாம் நாளில் மருந்து எடுத்தவர்களில் 74 சதவீதம் பேர் தேறியதாகச் சொன்னார்கள், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 56 சதவீதம் பேர். பத்தாம் நாளில் 78, 80 என்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்த எண்களை நான் பல முறை படித்துப் பார்த்தேன். மருந்தின் லாபம் ஒரு வாரத்தை ஒட்டிய சில நாள்களுக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றாம் நாளில் "பத்தவில்லை" என்று மாத்திரையை மாற்றுகிறவர், அந்த லாபம் வந்து சேருவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்.

இப்படிப் பல ஆய்வுகளைச் சேர்த்து எடை போட்ட, காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் தொகுப்பு 2018-ல் வந்தது. 15 ஆய்வுகள், 3057 பேர். ஆன்டிபயாடிக் இல்லாமலே ஒரு வாரத்தில் 46 சதவீதம் பேரும், இரண்டு வாரத்தில் 64 சதவீதம் பேரும் குணமானார்கள். மருந்து கொடுத்தால் 100 பேருக்கு ஐந்து பேர் கூடுதலாகச் சீக்கிரம் தேறுகிறார்கள். அதே 100 பேரில் 13 பேருக்குக் கூடுதலாகப் பக்க விளைவு, பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு. ஐந்து பேர் நன்மைக்குப் பதின்மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால், யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும். அதனால்தான் சிக்கல் இல்லாத நோயாளியிடம், "இன்னும் சில நாள் பார்ப்போம், கூடினால் வாங்க" என்று சொல்லும் டாக்டர் ஏமாற்றுவதில்லை. அதையே மருத்துவ வழிகாட்டுதல்களும் ஒரு வழியாக ஏற்கின்றன. ஊசி போடாமல் அனுப்பிவிட்டார் என்று நாம்தான் கோபப்படுகிறோம்.

மருந்து தேவை என்றால், பெரும்பாலும் அமாக்சிசிலின், அல்லது அதோடு கிளாவுலனேட் சேர்ந்தது. கடைகளில் "ஆறு இருபத்தஞ்சு" என்று கேட்டு வாங்குகிறார்களே, அதுதான்: 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளாவுலனேட்டும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் போன்றவை உண்டு. சிக்கல் இல்லாத பெரியவர்களுக்கு ஐந்திலிருந்து ஏழு நாள் போதும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. எத்தனை நாள் என்பதை எழுதியவரே சொல்லட்டும்.

அந்த அக்கா கையிலிருந்தது போன்ற மூன்று மாத்திரை அட்டை பெரும்பாலும் அசித்ரோமைசின். நானும் அதைத்தான் விழுங்கினேன். இந்தியாவில் மிக அதிகமாகச் செலவாகும் ஆன்டிபயாடிக் மாத்திரை அசித்ரோமைசின் 500 என்று 2022-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. பாக்டீரியா சைனஸுக்குக் காரணமான நிமோகாக்கஸ் கிருமி பல இடங்களில் அதற்கு மசிவதில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு முதல் மருந்தாக அதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் ஏன் "எனக்கு அதுதான் கேட்கும்" என்று இத்தனை பேர் சொல்கிறார்கள்? சளி பிடித்து நாலாம் நாள், உச்சத்தில், கடைக்குப் போகிறோம். மூன்று நாள் மாத்திரை. ஏழாம் நாள் சளி தன் போக்கில் இறங்குகிறது. பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை யாரையும் கேட்காமல் நேராக அதையே வாங்குகிறோம். வீட்டில் மீதம் கிடப்பதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறோம்.

அந்த அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. மக்களுக்கு அதைப் புரிய வைக்க மத்திய அரசு 2016-ல் ஒரு பிரசாரமே நடத்தியது. அதற்கு முன் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை இன்னும் கண்டிப்பானது: அதிலுள்ள வீரியமான ஆன்டிபயாடிக்குகளை விற்றால் நோயாளி, மருத்துவர் பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, கோடும் இருக்கிறது. அந்த அக்காவின் கையில் இரண்டாவது அட்டையும் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் கடைத் தம்பி மேல் மட்டும் இல்லை. டாக்டரிடம் போனால் அரை நாள் தறி ஓட்டம் போகும், கூலி போகும், ஃபீஸ் போகும். கடை தெருமுனையில் இருக்கிறது. ஆனால் தேவையில்லாமல் தின்ற ஒவ்வொரு அட்டையும் நம் உடம்பில் இருக்கும் கிருமிகளுக்குப் பழக்கம் கொடுக்கிறது. நாளைக்கு நிமோனியா என்று படுக்கும்போது அதே மருந்து கை கொடுக்காமல் போகலாம்.

அப்படியானால் வலிக்கு என்ன செய்வது? பத்து நாள் சும்மா உட்கார்ந்திரு என்று யாரும் சொல்லவில்லை. வலிக்குப் பாராசிட்டமால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். எந்த ஆன்டிபயாடிக்கும் அந்த வேகத்தில் வலியைத் தணிக்காது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை டாக்டர் எழுதினால், அது வீக்கத்தைச் சில நாள்களில் மெல்லக் குறைக்கும். மூக்கடைப்புச் சொட்டு மருந்து நிமிடத்தில் திறந்துவிடும், ஆனால் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். பழகிவிட்டால் சொட்டு விடாத நேரமெல்லாம் மூக்கு இன்னும் மோசமாக அடைக்கும்.

எனக்குப் பெரிய உதவி உப்புத் தண்ணீர்தான். கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆற வைத்து, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. வாஷ்பேசின் மேல் குனிந்து தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேல்பக்க மூக்குத் துளையில் மெல்ல ஊற்றினால் மறு துளை வழியாக வழியும். முதல் நாள் மூச்சு முட்டுவது போல இருந்தது. இரண்டாம் நாள், கயிறு போலக் கெட்டியாக ஒன்று வந்து விழுந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் கன்னம் இலேசாக இருந்ததே, அந்தச் சுகத்தை எந்த மாத்திரையும் எனக்குக் கொடுக்கவில்லை. கொதிக்க வைக்காத குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். மூக்கின் வழியாக மூளைக்கு ஏறும் அமீபா கேரளத்தில் 2024, 2025-ல் உயிர்களைப் பறித்ததைப் படித்திருப்பீர்கள்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது நம் வீடுகளின் முதல் வைத்தியம். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நோய் நாளைக் குறைக்கிறது என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்தவர்களைப் பார்த்த பிறகு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் அதை ஊக்குவிப்பதில்லை.

ஏற்காடு போய் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன மார்கழியில் நாகலூரில் சொந்தக்காரர் வீட்டில் மூன்று நாள் பனியில் இருந்துவிட்டு, மூக்கடைப்போடு பஸ்ஸில் மலை இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும் புருவத்துக்கு மேல் ஆணி அடித்தது போல ஒரு வலி. நோய் முற்றிவிட்டது என்று பயந்து, அடிவாரம் வந்ததும் கடை தேடி ஓடி அந்த மூன்று மாத்திரை அட்டையை வாங்கினேன். நடந்தது வேறு. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. முக்கால் மணி நேரத்தில் வெளிக் காற்றழுத்தம் 15 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் திறக்கும். அடைபட்ட நெற்றி அறைக்கு அப்படி ஒரு வசதி இல்லை. உள்ளே அழுத்தம் குறைவாகவே நிற்க, சவ்வு உறிஞ்சப்படுவது போல இழுபடும். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் அந்த வலி அடங்கியது. மூன்று மாத்திரையையும் நான் சாப்பிட்டு முடித்ததற்குக் காரணம் வெறும் பயம்தான். பலமாக மூக்கடைத்திருந்தால் மலை இறங்குவதை இரண்டு நாள் தள்ளிப் போடலாம். முடியாவிட்டால் கிளம்புவதற்கு முன் ஒரு முறை மூக்குச் சொட்டு விட்டுக்கொள்ளலாம்.

மருத்துவர் எழுதிய ஆன்டிபயாடிக்கைச் சரியாக எடுத்தும் இரண்டு மூன்று நாளில் கூடிக்கொண்டே போனாலோ, ஐந்து நாளாகியும் துளியும் இறங்காவிட்டாலோ அதே டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். மருந்து மாற வேண்டியிருக்கலாம், அல்லது நோயே வேறாக இருக்கலாம். ஒரே பக்கம் மட்டும் வலி, நாற்றமடிக்கும் சளி என்றால் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் இருக்கக்கூடும்; பல் டாக்டர் பார்க்காமல் அது தீராது. மூக்கு ஒழுகாமல் அடிக்கடி "சைனஸ் தலைவலி" மட்டும் வருகிறவர்களில் மிகப் பலருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி. தும்மலும் அரிப்புமாக வருஷம் முழுக்க இழுத்தால் அலர்ஜி. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ், அதன் கணக்கே தனி.

இவற்றில் எதற்கும் பத்து நாள் காத்திருக்கச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நெற்றி புடைப்பது, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, தாங்க முடியாத தலைவலி. கண்ணுக்கும் மூளைக்கும் இந்த அறைகளுக்கும் இடையில் இருப்பது மெல்லிய எலும்புதான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரவு என்றாலும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்கு இன்னும் கவனம். 2021 மே மாதம் தமிழகத்தில் கறுப்புப் பூஞ்சை அறிவிக்கப்பட வேண்டிய நோயானதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது பலருக்கும் மூக்கிலும் சைனஸிலும்தான் தொடங்கியது. முகம் மரத்துப் போவது, மூக்கிலிருந்து கறுப்பாக வருவது என்றால் ஆன்டிபயாடிக்கை நம்பி ஒரு நாளும் கடத்தக் கூடாது.

என் கதையில் சளி தொடங்கி ஏழாம் நாள் கன்னத்து வலி போனது, பத்தாம் நாள் அடைப்பு விட்டது. வாசனை மட்டும் கடைசியாகத்தான் திரும்பியது. நாகலூரிலிருந்து கொண்டுவந்த காப்பித்தூளை அம்மா தினமும் ஃபில்டரில் போட்டுக்கொண்டுதான் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில், அடுக்களைக்குப் போவதற்கு முன்பே, வாசலில் பேப்பர் எடுக்கக் குனிந்தபோது அது மூக்கில் ஏறியது.